டப்பா புத்தம்புதுசு... கேம் ஓடலே! கடைக்காரர் சொல்ல வேண்டாமா?

சி.டி.யில் ஒரு கீறல் இல்லை. டப்பா சீல் உடையவில்லை. கேட்ட காசையும் கொடுத்தாச்சு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், கேம் கிளம்ப மாட்டேன் என்கிறது!

திரும்பக் கடைக்கு ஓடினால், "டப்பாவைப் பிரிச்சிட்டீங்களே சார், எப்படி எடுத்துக்கிறது?" என்று கையை விரிக்கிறார்கள்.

தப்பு யார் மேல்?

சாவி போச்சு!

2000-ம் ஆண்டை ஒட்டி வந்த ஏராளமான கேம் சி.டி.க்களில், திருட்டு நகல் எடுக்காமல் இருக்க 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டைப் போட்டிருந்தார்கள். சிம்ஸ், பேட்டில்ஃபீல்டு 1942, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 எல்லாம் இந்த ரகம்தான். ஒரிஜினல் சி.டி.தானா என்று பார்த்துத் திறந்துவிட, விண்டோசுக்குள்ளேயே ஒரு குட்டி புரோகிராம் இருந்தது.

அந்தப் புரோகிராமில் ஓட்டை! அதன் வழியாகக் கெட்ட ஆசாமிகள் கம்ப்யூட்டரையே வளைத்துப் போடலாம் என்ற நிலை. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடமே கொடுக்கவில்லை. செப்டம்பரில் ஒரு அப்டேட் அனுப்பி விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கிப் போட்டது.

நேற்று ஓடிய கேம் இன்றைக்கு அம்போ!

வேடிக்கை என்னவென்றால், பூட்டை உடைத்த திருட்டு சி.டி.க்காரருக்கு ஒரு தொல்லையும் இல்லை. பில் போட்டு வாங்கியவர்தான் மாட்டிக்கொண்டார்.

டப்பாவில் "விண்டோஸ் 98, எக்ஸ்.பி." என்று அச்சடித்திருக்கும். "பழசுலேயே ஓடும்னா புதுசுல ஓடாதா?" என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அச்சடித்த நாளில் அது பொய்யும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததை டப்பா சொல்லாது. விற்கிறவர்தான் சொல்லணும்.

"ஆயிரம் சரக்கு விக்கிறேன். எந்த அப்டேட் எதைக் கெடுத்துச்சுன்னு நான் எங்கே கண்டேன்?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், ஒருத்தர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன பிறகும், அதே சி.டி.யை அடுத்த ஆளிடம் வாய் திறக்காமல் நீட்டினால்? அதைத் தெரியாத்தனம் என்று சொல்ல முடியுமா? "உங்க கம்ப்யூட்டர்ல எந்த விண்டோஸ் சார்?" என்று ஒரு வார்த்தை கேட்க என்ன செலவு?

பெரிய கடையே எச்சரித்தது

2020 டிசம்பர் 10-ந் தேதி போலந்துக் கம்பெனியின் 'சைபர்பங்க் 2077' வெளிவந்தது. இது அப்டேட்டால் கெட்டதல்ல; வரும்போதே கோளாறு. பிளேஸ்டேஷன் 4-ல் தள்ளாடியது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தை வாபஸ் கொடுத்தது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடை, பிரித்த டப்பாவையும் திரும்ப வாங்கிக்கொண்டது!

2021 ஜூனில் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தபோது, பிளேஸ்டேஷன் 4-ல் இன்னும் சிக்கல் வரலாம் என்று சோனியே எச்சரித்தது. வியாபாரம் படுத்துவிடவில்லை. கேம் அமோகமாக விற்றது.

30 நாள் கணக்கு

நம்ம ரிச்சி தெரு கடையானாலும் சரி, ஆன்லைன் கடையானாலும் சரி, 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்கிறது அது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வியாபாரம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்.

"சி.டி. நல்லாத்தானே இருக்கு, விண்டோஸ்தானே மாறிச்சு" என்று கடைக்காரர் வாதாடலாம். அந்த வாதம் எடுபடுமா என்பது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது. ஓடாது என்று முன்னாலேயே சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வாதமே தேவைப்படாது.

சொல்லாமல் விற்றுவிட்டார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.