வெண்கலப் பன்றி

பந்தாட்டத்தில் ஜயித்தவர்களுக்கு வெள்ளிக் கோப்பை கொடுப்பதை நாம் அறிவோம். பன்றியைக் கொடுப்பார்களோ? அமெரிக்காவில் மினஸோட்டா, அயோவா என்னும் அண்டை ராஜ்யங்களின் சர்வகலாசாலைகள் மோதும் கால்பந்து ஆட்டத்தில் பரிசு ஒரு வெண்கலப் பன்றிதான். எடை சுமார் 98 ராத்தல். வென்ற பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் குதிப்பார்கள். இதை முதலில் கேட்டபோது நாமும் சிரித்தோம்.

அவர்களுடைய கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க்கட்சியார் பாய்ந்து அவனை மண்ணில் சாய்க்க வேண்டும். சாய்ப்பது விதி, சாய்ந்தவனை மறுபடி முட்டுவது விதியல்ல. இரண்டுக்கும் இடையே ஒரு கணந்தான் உண்டு. அந்தக் கணத்தில்தான் வம்பெல்லாம் பிறக்கிறது.

1934-ம் வருஷம் அயோவாக் கட்சியில் ஆஸி ஸிம்மன்ஸ் என்னும் கறுப்பு இளைஞர் ஆடினார். சொந்த ஊர் தெற்கே டெக்ஸாஸ் ராஜ்யம். அங்கே பெரிய சர்வகலாசாலைகள் கறுப்பரைச் சேர்த்துக்கொள்ளாத காலம். ஆகவே வடக்கே வந்தார். ஓட்டத்தில் மின்னல். மினஸோட்டாவோடு நடந்த ஆட்டத்தில் அவர் மேல் விழுந்த அடிகள் கொஞ்சமல்ல. எழுந்து வருவதும், அடிபட்டு வெளியேறுவதுமாக இருந்தார். அயோவா 48-க்கு 12 என்று தோற்றது. தோல்வியை ஜனங்கள் பொறுத்தார்கள், அடியைப் பொறுக்கவில்லை. அயோவாவின் மற்றொரு கல்லூரியைச் சேர்ந்த ஜாக் டிரைஸ் என்ற கறுப்பு மாணவர், 1923-ல் இதே மினஸோட்டாவோடு ஆடிக் காயமுற்று இரண்டே நாளில் இறந்துபோயிருந்தார்.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு பந்தயம் என்றால் நம் பிள்ளைகளுக்கும் இரத்தம் கொதிப்பதைப் பார்த்திருக்கிறோம். தூரத்து ஊரிடம் தோற்றால் மறந்துவிடலாம். பக்கத்து ஊர்க்காரனைச் சந்தையில் பார்த்தாக வேண்டுமே!

மறு வருஷம் ஆட்டம் மீண்டும் அயோவாவில். நடுவர்கள் முரட்டாட்டத்தைச் சகித்தாலும் ஜனக்கூட்டம் சகிக்காது என்று அயோவா கவர்னர் ஹெரிங் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். கலகம் நிச்சயம் என்று எல்லாரும் அஞ்சிய சமயத்தில் மினஸோட்டா கவர்னர் ஃப்ளாய்ட் ஆல்ஸன் ஒரு தந்தி அடித்தார்: யார் ஜயிக்கிறார்கள் பார்ப்போம், ஆளுக்கொரு முதல்தரப் பன்றி பந்தயம்! இரு ராஜ்யங்களும் வாய்விட்டுச் சிரித்தன. ஆட்டம் கலகமின்றி நடந்தது. மினஸோட்டா 13-க்கு 6 என்று வென்றது. ஹெரிங் வாக்குத் தவறாமல், ரோஸ்டேல் பண்ணையில் வளர்ந்த உயிர்ப் பன்றியை ஆல்ஸனின் காரியாலயத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். அதற்கு ‘ஃப்ளாய்ட் ஆஃப் ரோஸ்டேல்’ என்று பெயராயிற்று. ஆல்ஸன் அதைப் போல வெண்கலத்தில் ஒரு பன்றி வார்க்கச் செய்தார்.

ஒரு தந்தி மண்டை உடைப்பைத் தடுத்தது. ஆல்ஸனுடைய சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால், முந்திய வருஷத்து அடிகளுக்கு யார் பதில் சொன்னார்கள்? பன்றி வந்தது, அந்தப் பேச்சு போயிற்று.

பன்றி வெண்கலமாக நின்றுவிட்டது. ஸிம்மன்ஸ் படித்து வெளிவந்தபோது, தொழில்முறைப் பெருஞ்சங்கத்தில் கறுப்பர் எவருக்கும் இடமில்லை. 1934 முதல் 1945 வரை அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. அவர் சிகாகோ நகரில் பள்ளி ஆசிரியரானார். நம் தொழில்தான்; அதில் நமக்குக் கொஞ்சம் கர்வங்கூட உண்டு.