வெள்ளோட்டம் பார்ப்போம்

புதிதாகச் செய்த தேரை நேரடியாகத் திருவிழாவுக்குக் கொண்டுவர மாட்டார்கள். அதற்கு முன்பே ஒருநாள் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரங்கள் தடையின்றி உருள்கின்றனவா, திருப்பங்களில் தேர் தடுமாறாமல் திரும்புகிறதா என்று கவனிப்பார்கள். இதனை வெள்ளோட்டம் என்பர். கணினியில் புதிய இயங்குதளம் ஒன்றைப் பயன்படுத்த விரும்புவோரும் இவ்வாறு வெள்ளோட்டம் பார்க்கலாம்.

இயங்குதளம் என்பது கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒருங்கிணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளாகும். நாம் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்புகளைச் சேமிப்பது, இணையத்துடன் இணைப்பது ஆகிய அனைத்திற்கும் அதுவே துணை நிற்கிறது. விண்டோஸ், மேக் ஓஎஸ் ஆகியவை பலரும் அறிந்த இயங்குதளங்கள். அவற்றைப் போலவே லினக்ஸ் என்னும் இயங்குதளமும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது.

லினக்சின் வரலாறு 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் தொடங்கியது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் அதன் மையப் பகுதியை எழுதி, மற்றவர்களும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்கள் அதனுடன் சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் உருவானது. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருடன் பகிர்ந்துகொள்ளலாம். பலகாரத்தோடு அதன் செய்முறையையும் சேர்த்துக் கொடுப்பதைப் போன்றது இது. எனவேதான், இத்தகைய மென்பொருளைத் 'திறந்த மூல மென்பொருள்' என்கிறோம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், பெடோரா போன்றவை லினக்சின் வெவ்வேறு பதிப்புகள். இவற்றை இலவசமாகவே பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

இதைப் பற்றி நாம் இப்போது ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்காத கணினி நாளடைவில் நச்சுநிரல்களுக்கு எளிதில் இலக்காகிவிடும். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்குத் தேவையான பாதுகாப்புச் சில்லும் செயலியும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும்போதே அத்தகைய கணினி குப்பைக்குப் போகும் நிலை ஏற்படுகிறது. இது குடும்பத்திற்குச் செலவு; சுற்றுச்சூழலுக்கும் சுமை. லினக்ஸ் போன்ற இயங்குதளம் அக்கணினிக்கு மறுவாழ்வு அளிக்கக்கூடும்.

ஆயினும், ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது அல்லவா? புதிய இயங்குதளத்தை வன்தட்டில் நிறுவும்போது, அங்குள்ள குடும்பப் படங்களும் பள்ளிப் பணிகளும் அழிந்துபோக வாய்ப்புண்டு. நிறுவி முடித்த பின்னர் வைஃபை வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? இந்தத் தயக்கத்தைப் போக்குவதே 'லைவ்' முறை. 2000ஆம் ஆண்டில், ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்னும் பதிப்பு இம்முறையைப் பரவலாக்கியது. அன்று குறுந்தட்டைப் பயன்படுத்தினர். இன்று 'தம்ப் டிரைவ்' எனப்படும் விரலியே போதுமானது.

இம்முறை எவ்வாறு செயல்படுகிறது? வழக்கமாகக் கணினியை முடுக்கியதும் அது வன்தட்டில் உள்ள இயங்குதளத்தைத் தேடி எடுக்கும். லைவ் முறையிலோ, கணினி விரலியில் சுருக்கி வைக்கப்பட்டுள்ள இயங்குதளத்தைப் படிக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே பதிவாகின்றன. கணினியை அடைத்ததும் அவை மறைந்துவிடும். விரலியை எடுத்துவிட்டு மீண்டும் முடுக்கினால் பழைய இயங்குதளம் முன்போலவே தோன்றும்.

லினக்ஸ் மின்ட் பதிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் படிநிலைகளைக் காண்போம். முதலில், அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். அடுத்து, 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள விரலி ஒன்றில் அக்கோப்பை எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் போதாது. ரூபஸ், பலேனா எட்சர் போன்ற செயலிகளைப் பயன்படுத்த வேண்டும். அப்போது விரலியில் முன்பு இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், வெற்று விரலியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பின்னர், கணினியை அடைத்து, விரலியைச் செருகி, மீண்டும் முடுக்க வேண்டும். திரை ஒளிர்ந்தவுடன் எப்12, எப்9, எஸ்கேப் போன்ற விசைகளுள் அக்கணினிக்குரியதை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். அதில் விரலியைத் தெரிவுசெய்தால், சில நிமிடங்களில் லினக்ஸ் மின்டின் முகப்புத் திரை வந்துவிடும்.

இனிதான் வெள்ளோட்டம் தொடங்குகிறது. வைஃபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? கேமரா, தொடுபலகை, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா? பயர்பாக்ஸ் உலாவியில் உங்கள் பள்ளியின் கற்றல் தளம் திறக்கிறதா? லிப்ரே ஆபிஸ் செயலியில் உங்கள் கட்டுரை வடிவம் மாறாமல் தெரிகிறதா? விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துத் தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா? இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோசுக்காகவே எழுதப்பட்ட சில செயலிகளும் விளையாட்டுகளும் லினக்சில் இயங்கமாட்டா. அத்தகைய செயலி உங்களுக்கு இன்றியமையாதது என்றால், மாறாமல் இருப்பதே சரியான முடிவாகலாம். விரலியிலிருந்து படிப்பதால் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வெள்ளோட்டத்தின்போது சில எச்சரிக்கைகள் தேவை. லைவ் முறையின் முகப்புத் திரையில் 'இன்ஸ்டால்' என்னும் குறும்படம் இருக்கும். அதைச் சொடுக்கி, விவரம் புரியாமல் அடுத்தடுத்த கேள்விகளுக்கெல்லாம் ஒப்புதல் அளித்தால் வன்தட்டில் உள்ளவை அழியக்கூடும். லைவ் முறையிலிருந்தே வன்தட்டின் கோப்புகளைத் திறக்கவும் முடியும். அங்கே அழித்த கோப்பு உண்மையாகவே அழிந்துவிடும். ஆதலால், முக்கியமான கோப்புகளை முன்கூட்டியே வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸ் கணினியின் வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினி என்றால் பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பள்ளி வழங்கிய கணினியில் ஆசிரியரின் அனுமதியின்றி இதனை முயலக்கூடாது.

ஒரு பொருளை விளம்பரத்தை நம்பி வாங்குவதும், பிறர் சொன்னார் என்பதற்காக ஒதுக்குவதும் எளிது. தாமே சோதித்து, நிறைகுறைகளைச் சீர்தூக்கி முடிவெடுப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு விரலியும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் அந்த வாய்ப்பு நமக்குக் கிட்டுகிறது. இறுதியில் லினக்சுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும், அந்த முடிவு நாமே ஆராய்ந்து எடுத்ததாக இருக்கும்.