உஷார்! பி.டி. பீரியட் களவு போகிறது

இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வாரம் பி.டி. பீரியடில் கிரவுண்டுக்குப் போனாயா?" "இல்லம்மா, மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க. போர்ஷன் முடிக்கணுமாம்" என்று பதில் வந்தால், உஷார்!

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019-ல் அது வெளியிட்ட ஆய்வின்படி, 11–17 வயதினரில் 100-க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் ஏறத்தாழ நாலில் மூன்று பேர். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும், "ஆடினது போதும், உள்ளே வா" என்று நாமே தடுத்துவிடுகிறோமே!

வேனில் உட்கார்ந்து போகிறார்கள். வகுப்பில் உட்கார்கிறார்கள். டியூஷனிலும் உட்கார்கிறார்கள். இரவில் கையில் செல்போன். இதில் அந்த 60 நிமிடம் எங்கே?

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

* இரண்டு மாடி ஏறுவதற்குள் இளைப்பு.
* கழுத்து மடிப்பில் தேய்த்தாலும் போகாத கருமை. அழுக்கென்று நினைக்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.
* ஆண்டுதோறும் ஏறும் கண்ணாடி பவர். பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வையைத் தடுக்க உதவும். அதற்காகவே தைவான் பள்ளிகளில் 2010 முதல் தினம் 120 நிமிடம் வெளியில் இருக்க ஊக்குவிக்கிறார்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

* அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும் முன், பி.டி. பீரியட் நடக்கிறதா என்று கேளுங்கள். விளையாட்டு மைதானம் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே பள்ளிக்கு விதித்திருக்கும் தேவை. சலுகை கேட்கிறோமோ என்று தயங்காதீர்கள்.
* டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். ஸ்கிப்பிங், கபடி, சைக்கிள், நொண்டி எதுவானாலும் சரி. மகளையும் அனுப்புங்கள்.

தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு உண்டு. ஓடிக் குதிக்கிற வயதில் வலுப்பெறாத எலும்புக்கு அப்படி ஒரு தேர்வு கிடையாது. இன்று பொழுது சாய்வதற்குள் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புங்கள்!