செயற்கை வால்வு வைத்தவர்களும் வார்ஃபரின் குளிசையும்

நமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. இரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்குத் திறந்து மூடும் கதவுகள் இவை. சிறு வயதில் தொண்டை நோவுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சல் இக்கதவுகளைப் பழுதாக்கி விடும். ஒரே காம்பராவில் பலர் நெருங்கிப் படுக்கும் லயங்களில் அந்தத் தொண்டை நோய் சுலபமாகத் தொற்றும்.

வால்வு மிகவும் பழுதானால் சத்திர சிகிச்சை செய்து மாற்றுவார்கள். 1960இல் அமெரிக்காவில் ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு வைக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் செய்த சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

குளிசை எதற்கு?

உலோகம், காபன் போன்றவற்றால் செய்த வால்வில் இரத்தம் கட்டிப்படப் பார்க்கும். அந்தக் கட்டி வால்வை அடைக்கலாம். மூளைக்குப் போனால் பாரிசவாதம். இதைத் தடுப்பதுதான் வார்ஃபரின். உலோக வால்வு வைத்தவர் இதை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துவதே பெரிய ஆபத்து.

"இது எலி மருந்தாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954 முதல் மனிதருக்கும் மருந்தானது. அளவுதான் வித்தியாசம். அந்த அளவைப் பார்ப்பதற்கே ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை. உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 2க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். உங்கள் கணக்கை டொக்டரிடம் கேட்டு கொப்பியில் எழுதி வையுங்கள். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் இரத்தம் கசியும்.

கவனிக்க வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில் குடியுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு குடிக்க வேண்டாம்.

2. கீரை, கோவா, லீக்ஸ் ஆகியவற்றில் உள்ள விட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். விட்டுவிடத் தேவையில்லை; வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். தேத்தண்ணி தாராளமாகக் குடிக்கலாம். சாராயம் வேண்டாம்.

3. அஸ்பிரின், டைக்குளோபெனக், நாட்டு மருந்து எதையும் டொக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் வால்வு இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

4. கவ்வாத்துக் கத்தி வெட்டினால் சுத்தத் துணியால் பத்து நிமிஷம் இறுக்கி அழுத்துங்கள். அட்டைக்கடியில் இரத்தம் சாதாரணமாகவே நிற்காது. உங்களுக்கு இன்னும் நேரமெடுக்கும். அதையும் அழுத்திப் பிடியுங்கள்.

5. இம்மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டொக்டரிடம் பேசுங்கள். நாள் தள்ளிப் போனால் உடனே போங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

மலம் கறுத்தால், சிறுநீர் சிவந்தால், தலையில் அடிபட்டால், வாய் கோணினால், கை கால் விழுந்தால், பேச்சுக் குழறினால், திடீரென மூச்சு வாங்கினால், வால்வின் 'டிக் டிக்' சத்தம் கேட்காமல் போனால் தாமதிக்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ராகலையிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் விழாது, பஸ் காசும் போகும். இது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு நாள் பேரைப் பார்த்துக் கிளினிக்கை விட்டால், பாரிசவாதம் வந்து வீட்டில் படுக்க வேண்டி வரலாம். கிளினிக் திகதியை வீட்டார் எல்லாரும் ஞாபகம் வைத்து, அன்று அவரை அனுப்பி வைப்போம்.