பிள்ளை பெத்தவளுக்குச் சுறா

மடுல்கெல்ல மலையூர், கடல் கண்ணுக்கெட்டாத் தூரம். ஆனாலும் பிள்ளை பெத்த வீட்டில் உம்மும்மாமார் சொல்வார்கள்: “சுறா வறை ஆக்கிக் குடுங்க, பால் ஊறும்.” பால்சுறா என்ற பெயரே இந்த நம்பிக்கையில் பிறந்ததுதான்.

ஜித்தாவில் கிடைத்த சுறாவைக் கொண்டு 1837இல் இந்த இனத்தை முதலில் விவரித்தவர் ரூப்பெல் என்ற ஜெர்மானியர். பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவே வளரும், கரையோரமாகவே திரியும். சாளையைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடாது. வயிற்றுக்குள் சூல்வித்தகம் உருவாகி, தொப்புள்கொடி வழியே குட்டிக்கு உணவு போகிறது, நமது தாய்மாரைப் போலவே. சுமார் ஒரு வருடம் சுமந்து, பொதுவாக 2 முதல் 5 குட்டிகளையே ஈனும்.

ஈனுவதற்குத் தாய்ச்சுறா கரையை நெருங்குகிறது. வலைகளும் அங்கேதான் அதிகம். ஒரு தாய் சிக்கினால் வயிற்றுக் குட்டிகளும் போய்விடும். இன்று இது உலக அளவில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம். 2022இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, இதன் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது நாடுகளுக்கிடையிலான வியாபாரத்துக்கே கட்டுப்பாடு. நம் சட்டிக்கு வரும் சுறாவை அது தொடாது.

அங்கே பொறுப்பு நம்முடையது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். தாய்க்கு வேண்டிய புரதத்தை முட்டையும் பருப்பும் சாளையும் கொடுக்கும். சுறா ஹலால்தான், ஆனால் இஸ்ராப் எதிலும் கூடாதே. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது, சுறாவுக்குப் பதில் சாளை கேட்டுப் பாருங்கள்.