நாலு பர்சன்ட்னா நூறுல நாலு பேரா?

காலேஜ்ல சேர்ந்துட்டோம்னாலே சொந்தக்காரங்களுக்கு நாம ஒரு கவுன்சிலிங் சென்டர் மாதிரிதான். சித்தப்பா பையன், பக்கத்து வீட்டுத் தங்கச்சின்னு பிளஸ் டூ படிக்கிற எல்லாரும் நம்மகிட்டதான் சந்தேகம் கேட்பாங்க. "ஈசிஇ எடுக்கலாமா, சிஎஸ்இ எடுக்கலாமா" வரைக்கும் எப்படியோ சமாளிச்சுடுவோம். "அண்ணா, எனக்கு ஹார்வர்டு கிடைக்க எத்தனை பர்சன்ட் சான்ஸ்?"னு ஒருத்தர் கேட்டா?

தேடிப் பார்த்தால் ஒரு எண் கிடைக்கும். 2024-ல் சேர்ந்த பேட்ச்சுக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர், இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். அதாவது சுமார் 3.6 சதவீதம். அதே வருஷம் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லீங்க, மாசசூசெட்ஸ்) 28,232 பேரில் 1,275 பேர், சுமார் 4.5 சதவீதம். சரி, "உனக்கு நாலு பர்சன்ட்"னு தம்பிகிட்ட சொல்லிடலாமா? சொல்லக் கூடாது. காரணம் புரிய நாம படிச்ச புராபபிலிட்டியே போதும்.

இங்கே வரிசை, அங்கே வேற கதை

நம்மில் பலர் டிஎன்இஏ கவுன்சிலிங் வழியாக வந்தவர்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்கு கட்ஆஃப். ரெண்டு பேருக்கு ஒரே கட்ஆஃப் வந்தால் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல் மார்க் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் ரேண்டம் நம்பர் வரைக்கும் போவாங்க. யாருக்கு முன்னாடி யார் என்பதில் குழப்பமே இல்லை. அதனால்தான் போன வருஷக் கட்ஆஃபை வைத்து இந்த வருஷம் எந்தக் காலேஜ் கிடைக்கும் என்று ஓரளவு சரியாகவே சொல்லிவிட முடிகிறது.

ஹார்வர்டு மாதிரி இடங்களில் அந்த வரிசையே கிடையாது. ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் பாகுபாடு காட்டப்படுகிறது என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது 2014-ல் ஒரு வழக்கு போடப்பட்டது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது இந்த வழக்கில்தான். அது நடந்தபோது, அதுவரை வெளியே தெரியாத சேர்க்கை விவரங்கள் நிறைய வெளியே வந்தன.

அதில் ஒன்று: 2015-ல் சேர வேண்டிய பேட்ச்சுக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் விண்ணப்பித்தவர்கள் சுமார் 26,000 பேர். அவர்களில் எஸ்ஏடி கணக்கில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் சுமார் 3,500 பேர். பள்ளி மதிப்பெண்ணில் முழு ஜிபிஏ வைத்திருந்தவர்கள் 8,000 பேருக்கும் மேல். மொத்தமாக அனுமதி கிடைத்ததோ சுமார் 2,000 பேருக்கு. ஆக, முழு ஜிபிஏ வைத்திருந்தவர்களிலேயே குறைந்தது 6,000 பேருக்கு இடம் இல்லை. மார்க் என்பது உள்ளே எட்டிப் பார்க்கத் தேவையான டிக்கெட். சீட்டை முடிவு செய்வது அது மட்டும் இல்லை.

சராசரிக்குள் யார் யார்?

மார்க்கோடு கட்டுரைகள், ஆசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதம், பாடத்துக்கு வெளியே செய்த வேலை, நேர்காணல் எல்லாம் பார்க்கிறார்கள். நம் உழைப்பு சம்பந்தமே இல்லாத விஷயங்களும் உண்டு. அப்பாவோ அம்மாவோ அங்கே படித்தவர் என்றால் அதற்கு 'லெகசி' என்று பெயர். வழக்கில் வெளியான விவரப்படி, ஹார்வர்டில் லெகசி விண்ணப்பதாரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. விளையாட்டு அணிக்காகப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கும் மாணவர்களின் வாய்ப்பு அதைவிடவும் மிக அதிகம். எம்.ஐ.டி. லெகசியைப் பார்ப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு அங்கே ஒரு வரம்பு இருக்கிறது. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த 4.5 சதவீதமே கொஞ்சம் அதிகப்படியான எண்தான்.

பணம் இன்னொரு வடிகட்டி. ஹார்வர்டில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல். நம்ம காசில் ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். உதவித்தொகை கேட்டால் அது சேர்க்கை முடிவைப் பாதிக்காது என்று வெளிநாட்டு மாணவர்களுக்கும் உறுதி தரும் இடங்களை 'நீட் பிளைண்ட்' என்பார்கள் (நம்ம நீட் தேர்வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை). ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. இந்தப் பட்டியலில் வரும். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், கொலம்பியா போன்றவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஒரே மார்க், ஒரே கட்டுரை இருந்தாலும், உதவி கேட்கிற பையனுக்கும் கேட்காத பையனுக்கும் அங்கே வாய்ப்பு வேறு.

இருபது இடத்துக்குப் போட்டா ஒண்ணாவது கிடைக்காதா?

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். ஒவ்வொரு இடத்திலும் 5 சதவீத வாய்ப்பு, இருபது இடத்துக்கு விண்ணப்பம். எல்லாமே கைவிட்டுப் போக வாய்ப்பு 0.95-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.36. அப்போ ஒன்றாவது கிடைக்க 64 சதவீதம்! கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா இந்தக் கணக்கு, ஒவ்வொரு முடிவும் தனித்தனி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்வு என்று நினைத்துப் போட்டது. இருபது இடத்துக்கும் போவது ஒரே மார்க், ஒரே பரிந்துரைக் கடிதம், கிட்டத்தட்ட ஒரே கட்டுரை, ஒரே குடும்ப வருமானம். ஓரிடத்தில் எடுபடாதது அடுத்த இடத்திலும் எடுபடாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

சும்மா ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதில் 10 பேருக்கு எந்த இடத்திலும் 41 சதவீத வாய்ப்பு, மீதி 90 பேருக்கு 1 சதவீதம்தான் என்று வைப்போம். சராசரி எவ்வளவு? (4.1 + 0.9) / 100. அதே 5 சதவீதம்! இப்போ எல்லாரும் இருபது இடத்துக்குப் போடட்டும். அந்தப் பத்துப் பேருக்கு எப்படியும் ஒரு இடமாவது கிடைத்துவிடும். மீதி 90 பேரில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடமாவது கிடைக்க 18 சதவீதம்தான். மொத்தமாகப் பார்த்தால் 26 பேர். 64 என்று நினைத்தது 26 ஆகிவிட்டது.

இதில் இன்னொன்றையும் கவனிங்க. அந்தப் பத்துப் பேர் மற்றவர்களைவிட அறிவாளிகள் என்று அர்த்தமில்லை. அவர்களில் லெகசியும் இருக்கலாம், முழுக் கட்டணமும் கட்ட முடிந்தவரும் இருக்கலாம்.

அப்போ தம்பிக்கு என்ன சொல்றது?

முதலில், பர்சன்ட் சொல்லாதீங்க. "உன் புரொஃபைலுக்கு 70 பர்சன்ட்" என்று சொல்லிப் பணம் வாங்குகிற கன்சல்டன்சிக்காரர்கள் கையிலும் சேர்க்கைக் குழுவின் கோப்பு கிடையாது.

ரெண்டாவது, உதவித்தொகை வேணுமா என்று வீட்டில் பேசி முடிவு பண்ணச் சொல்லுங்க. வேணும் என்றால், இருபது இடம் என்ற பட்டியல் தானாகவே சுருங்கும். ஒரு விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் 75 டாலருக்குக் குறையாமல் கட்டணம். இருபது என்றால் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். கட்ட முடியாதவர்கள் கட்டண விலக்கு கேட்கலாம், அதையும் சொல்லிடுங்க.

மூணாவது, காலண்டரைக் காட்டுங்க. வழக்கமான விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும். அதே மாசம் ஜேஇஇ மெயின் முதல் சுற்று. மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அமெரிக்க முடிவுகள் வருவதும் மார்ச் மாதத்தில்தான். கட்டுரை எழுதுறேன்னு நவம்பர், டிசம்பரை முழுசா விட்டால் இங்கே இருக்கிற கதவும் சாத்திக்கும். ஆசைப்படுகிற ரெண்டு மூணு இடத்துக்கு ஒழுங்காக எழுதிவிட்டு, மீதி நேரத்தை இங்கே உள்ள தேர்வுகளுக்குக் கொடுப்பது மேல்.

கடைசியாக, அந்த 6,000 பேர் கதையைச் சொல்லுங்க. முழு ஜிபிஏ இருந்தும் "மன்னிக்கவும்" என்று கடிதம் வாங்கியவர்கள். ரிசல்ட்டுக்கு அப்புறம் சொன்னால் அது வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழும். விண்ணப்பம் போடும்போதே சொல்லிட்டா, மார்ச்சில் அந்த மெயில் வந்தாலும் மறுநாள் கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் பையன் உட்கார்ந்து படிப்பான்.