உங்களுக்குத் தெரியுமா? நூறு கிளிக்குக்கும் அசையாத ஜெனரேட்டர்!

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் எழுதி முடிக்க எடுத்துக்கொண்டது வெறும் 10 நாள்! அந்த மொழியின் தரவரையறைக்குள் ஜெனரேட்டர் ஃபங்ஷன் வந்து சேர ஆனதோ 20 ஆண்டு!

ஃபங்ஷன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி ஒன்று போடுங்கள். ஜெனரேட்டர் தயார்!

அதை அப்படியே ஒரு பட்டனின் கிளிக்குக்குக் கொடுங்கள். 100 தடவை அழுத்துங்கள். உள்ளே எழுதிய வரிகளில் ஓடியது எத்தனை? பூச்சியம்! பிழைச் செய்திகூட ஒன்றும் வராது!

பிரவுசர் சும்மா இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் புத்தம் புது ஜெனரேட்டர் ஒன்றைப் பிறப்பித்து, தொடாமலே கைவிட்டிருக்கிறது. மொத்தம் 100!

இதே ஜெனரேட்டரை ஒரு லிங்கின் கிளிக்குக்குக் கொடுத்து, லிங்கைத் தடுக்கும் 'பிரிவென்ட் டிஃபால்ட்' கட்டளையை ஜெனரேட்டரின் முதல் வரியிலேயே எழுதிப் பாருங்கள். லிங்க் தன்பாட்டில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்!

சரி, எப்படித்தான் ஓட வைப்பது? ஜெனரேட்டரை ஒரே தடவை உருவாக்கி வையுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் அதன் 'நெக்ஸ்ட்'டை அழையுங்கள். உள்ளே எழுதிய 'யீல்ட்' என்ற சொல் வரை ஓடும், நிற்கும். அடுத்த கிளிக் ஒரு மணிநேரம் கழித்து வந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தொடரும். மாறிகளின் மதிப்பு அத்தனையும் பத்திரம்!

முதல் 'நெக்ஸ்ட்'டோடு நீங்கள் அனுப்பும் ஈவென்ட் உள்ளே போய்ச் சேரவே சேராது! அதை வாங்கிக்கொள்ள அங்கே எந்த யீல்டும் காத்திருக்கவில்லை. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் வெறும் 'நெக்ஸ்ட்' ஒன்றை முன்கூட்டியே ஓட்டிவிடுகிறார்கள்!

முடிவே இல்லாத 'வைல்' சுழற்சி பக்கத்தை உறைய வைத்துவிடும். அதற்குள் ஒரே ஒரு யீல்ட் வையுங்கள். கிளிக்குக்கு ஒரு சுற்று என்று பக்கம் ஜம்மென்று ஓடும்!

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள்ளிருந்து அதே பட்டனை நிரல் மூலம் கிளிக் செய்யுங்கள். 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று 'டைப் எரர்' விழும். அப்படியும் ஜெனரேட்டர் நிற்காது. மிச்ச வரிகளை ஓட்டிவிட்டுத்தான் ஓயும்!

ஒரு கிளிக்கின் ஈவென்ட்டை யீல்டைத் தாண்டி அடுத்த கிளிக் வரை பிடித்து வைத்திருந்தால், அதன் 'கரன்ட் டார்கெட்' வெறும் 'நல்' ஆகிவிடும்!

வேலை முடிந்த ஜெனரேட்டரை 1,000 தடவை அழைத்தாலும் சளைக்காது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: 'டன்: ட்ரூ'!

இதோ, பலருக்கும் தெரியாத ஒரு வித்தை! ஈவென்ட்டைக் கேட்க ஃபங்ஷன்தான் வேண்டும் என்றில்லை. 'ஹாண்டில் ஈவென்ட்' என்ற பண்பு உள்ள எந்தப் பொருளையும் பிரவுசர் ஏற்கும். உங்கள் ஜெனரேட்டர் பொருளில் அந்தப் பெயரில் அதன் சொந்த 'நெக்ஸ்ட்'டையே மாட்டிவிட்டு, பொருளைப் பட்டனிடம் கொடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் தானாகவே ஓர் அடி நகரும். இதற்காகக் கூடுதலாக எழுதும் வரி 1!

கடைசியாக, பெயரில் ஒரு வேடிக்கை! மன்னார்க் கரையோர ஊர் பாப்பாமோட்டை. உங்கள் ஜெனரேட்டருக்கு இந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்! நமக்கு இது 6 எழுத்து. பெயரின் நீளம் எவ்வளவு என்று ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேளுங்கள். விடை 12!